கைப்பேசியும் குமரப் பருவத்தினரின் மனநலமும்

மாலை ஐந்து மணி அளவில் திருவனந்தபுரம் நகரத்துக் கிழக்கேகோட்டையில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி புலப்படும். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு அருகே நகரப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. சாலைக் கம்போளத்தின் பக்கமிருந்து தமிழும் மலையாளமும் கலந்த வணிகர் குரல்கள் எழுகின்றன. டியூஷன் வகுப்புக்குச் செல்வோரும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தோருமாகப் பதினாறு, பதினேழு வயதுடைய இளைஞரும் பெண்களும் பேருந்துக்காகக் காத்திருக்கின்றனர். அவர்களுள் பலருடைய தலை கவிழ்ந்திருக்கிறது. கையில் கைப்பேசி, விரல் மட்டும் அசைகிறது. வழியே செல்லும் முதியவர் ஒருவர் இதைக் கண்டு, "இந்தப் பிள்ளைகள் கெட்டுப் போய்விட்டார்கள்" என்று வருந்திச் செல்லக்கூடும்.

அவருடைய வருத்தத்தை நாம் எள்ளத் தேவையில்லை. ஆனால் விஞ்ஞான முறையில் நோக்குவோர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தலை கவிழ்ந்து நிற்கும் ஐவருள் ஒருவன் நாளைய தேர்வுக்குரிய பாடக் குறிப்பைப் படிக்கிறான். மற்றொருத்தி வளைகுடா நாட்டில் பணிபுரியும் தந்தைக்குச் செய்தி அனுப்புகிறாள். மூன்றாமவன் விளையாட்டில் ஆழ்ந்திருக்கிறான். நான்காமவன் ஒன்றன்பின் ஒன்றாக வரும் சிறு படங்களை ஏன் பார்க்கிறோம் என்று அறியாமலே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஐந்தாமவள் தன் நிழற்படத்தின் கீழ் யாரோ எழுதிய இழிசொற்களைப் படித்துக்கொண்டிருக்கிறாள். வெளித்தோற்றம் ஒன்றே; உள்ளத்தில் நிகழ்பவை ஐந்து. கைப்பேசி இளம்பருவத்தினரின் மனநலத்தைக் கெடுக்கிறதா என்னும் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாமைக்கு இதுவே காரணம். இதனை முறையாக ஆராய்ந்து, பெற்றோரும் ஆசிரியரும் எதனைக் கவனிக்க வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பருவத்தின் இயல்பு

பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ள காலத்தை உளநூலார் குமரப் பருவம் என்பர். இப்பருவத்தின் மூன்று இயல்புகள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை.

முதலாவது, மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. இன்பத்தையும் பரிசையும் நாடச் செய்யும் உட்பகுதிகள் இப்பருவத்தின் தொடக்கத்திலேயே மிகுந்த விழிப்பு அடைகின்றன. பின்விளைவை எண்ணுதல், ஆசையை அடக்குதல், திட்டமிடுதல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான முன்மூளைப் புறணியோ இருபத்தைந்து வயதை ஒட்டியே முழு வளர்ச்சி பெறுகிறது. ஆகவே, "போதும்" என்று தானே நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் பெரியவர்களிடம் உள்ள அளவுக்கு இவர்களிடம் இராது. இது ஒழுக்கக் குறைவு அன்று. வளர்ச்சியின் ஒரு கட்டம்.

இரண்டாவது, தன்னைப் பிறர் எவ்வாறு மதிக்கின்றனர் என்னும் கவலை இப்பருவத்தில் உச்ச நிலையை அடைகிறது. வீட்டாரின் பாராட்டைக் காட்டிலும் தோழரின் ஒரு சொல் பெரிதாகப் படுகிறது. அச்சொல் இனிதாயின் இன்பமும், கடிதாயின் துன்பமும் அளவுக்கு மீறித் தோன்றுகின்றன.

மூன்றாவது, உடலின் உட்கடிகாரம் இப்பருவத்தில் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் சுரப்பு, சிறுவர்க்குச் சுரப்பதைவிட இரவில் காலம் தாழ்த்திச் சுரக்கிறது. பத்து மணிக்கு உறங்கு என்றால் உறக்கம் வராது. ஆனால் காலை டியூஷன் வகுப்புக்கு ஆறு மணிக்கு எழவேண்டும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது உறக்கவியல் வல்லுநர் கூறும் அளவு. கைப்பேசி இல்லாவிடினும் நம் மாணவர்க்கு இது கிடைப்பது அரிது. கைப்பேசி படுக்கைக்கு வந்துவிட்டாலோ கிடைக்கும் உறக்கமும் குறைகிறது.

கருவியின் அமைப்பு

இத்தகைய மனத்தின் முன் வைக்கப்பட்டுள்ள கருவி எத்தகையது என்பதையும் காண்போம்.

கிழக்கேகோட்டைக்கு வருவோர் பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே உள்ள மேத்தன் மணியை அறிவர். சுவாதித் திருநாள் மன்னர் காலத்தோடு தொடர்புடைய பழைய கடிகாரம் அது. ஒவ்வொரு மணி நேரமும் நிறைவுறுங்கால், தாடியுடைய ஒரு முகம் வாய் திறக்க, இருபுறமும் உள்ள ஆட்டுக்கடாக்கள் பாய்ந்து கன்னத்தில் முட்டுகின்றன. குழந்தைகள் அண்ணாந்து பார்த்து மகிழ்கின்றனர். பின்னர் அடுத்த மணி வரை அது யாரையும் அழைப்பதில்லை. அது கூப்பிடும் நேரம் எல்லோருக்கும் பொது, முன்கூட்டியே தெரிந்ததுமாகும்.

கைப்பேசியின் மணியோ அத்தகையது அன்று. எப்பொழுது ஒலிக்கும், ஒலித்தால் நற்செய்தியா வெறும் விளம்பரமா என்பது முன்னதாகத் தெரியாது. இத்தெரியாமையே அதன் வலிமை. அமெரிக்க உளநூல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் கொண்டு நடத்திய சோதனைகளில் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஒவ்வொரு முறையும் இரை கிடைத்தால் பிராணி பசி தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. எப்பொழுது கிடைக்கும் என்று தெரியாதபடி இடையிடையே இரை கொடுத்தாலோ அது ஓயாமல் முயன்றுகொண்டே இருக்கிறது. இரையை நிறுத்திய பின்னும் அப்பழக்கம் எளிதில் விடுவதில்லை. விருப்பக் குறி எப்பொழுது வரும், நல்ல படம் எப்பொழுது தோன்றும் என்று விரலால் தள்ளிக்கொண்டே இருக்கும் செயலிலும் இவ்விதியே இயங்குகிறது.

புத்தகத்துக்கு அத்தியாய முடிவு உண்டு. நாடகத்துக்குத் திரை விழும். முடிவின்றிப் பக்கம் நீளும் அமைப்பை 2006-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் அசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர். நிறுத்தும் இடத்தை நீக்கிய தம் படைப்பைக் குறித்து அவரே பின்னர் வருந்தினார். இணைய நிறுவனங்களிற் பலவற்றின் வருவாய் விளம்பரத்தைச் சார்ந்தது. விளம்பர வருவாயோ பார்ப்பவர் செலவிடும் நேரத்தைச் சார்ந்தது. ஆகவே, தன்னடக்கம் இன்னும் முதிராத ஒரு பருவமும், தன்னடக்கத்தைத் தளர்த்துவதற்கென்றே அமைந்த ஒரு கருவியும் எதிரெதிரே நிற்கின்றன என்பதை நாம் மறத்தல் ஆகாது.

மாணவர் கைக்கு அது வந்த வரலாறு

இக்கருவியை மாணவர் கையில் கொடுத்தவர் யார்? கேரள மாநிலத்தின் அண்மைக்கால வரலாற்றில் இதற்கு விடை உண்டு.

கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவியர் கைப்பேசி வைத்திருத்தல் கூடாது என்று விதி செய்யப்பட்டது. அவ்விதியை ஏற்காத மாணவி ஒருவர் விடுதியினின்றும் நீக்கப்பட்டார். வழக்கு கேரள உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பர் 19-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அம்மாணவியை மீண்டும் விடுதியில் சேர்க்கக் கட்டளையிட்டது.

ஓராண்டு கழியுமுன்பே கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. 2020 ஜூன் 1 அன்று, திருவனந்தபுரத்திலிருந்து இயங்கும் கைட் விக்டர்ஸ் கல்வி அலைவரிசையின் வாயிலாக 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் வகுப்புகள் தொடங்கின. தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லாத மாணவர் சுமார் 2.6 லட்சம் பேர் எனக் கணக்கிடப்பட்டது. நூலகங்களிலும் பொது இடங்களிலும் அவர்களுக்கு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. பாடத்தைப் பின்தொடரக் கருவி இல்லையே என்னும் துயரம் எத்தனையோ வீடுகளில் நிலவியது. கருவியின் மிகுதி மட்டுமன்று, கருவியின் இன்மையும் இளம் உள்ளத்தை வாட்டும் என்பதை அக்காலம் காட்டிற்று. நேற்றுவரை விலக்கப்பட்ட பொருள் அன்று சிலேட்டும் பலகையும் ஆயிற்று. 2021 நவம்பர் 1-இல் பள்ளிகள் மீண்டும் திறந்தன. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினர். கைப்பேசி மட்டும் பெற்றோர் கைக்குத் திரும்பவில்லை.

இது கேரளத்துக்கு மட்டும் உரியது அன்று. நாடு முழுவதும் கிராமப்புற வீடுகளில் எடுக்கப்பட்ட 'அசர் 2024' ஆய்வின்படி, 14 முதல் 16 வயதுள்ளோருள் நூற்றுக்கு 82 பேர்க்கு மேல் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். ஆய்வுக்கு முந்தைய ஒரு வாரத்தில் அதனைக் கல்விக்குப் பயன்படுத்தியோர் 57 சதவீதம். சமூக வலைத்தளங்களுக்குப் பயன்படுத்தியோர் 76 சதவீதம். பாடத்துக்கென வந்த கருவி எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இவ்விரு எண்களே உணர்த்தும்.

ஆராய்ச்சிகள் கூறுவது

இனி ஆராய்ச்சி முடிவுகளுக்கு வருவோம். இங்கு வாசகர் சற்றே பொறுமை காட்டல் வேண்டும். ஏனெனில் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றும்.

2023 மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். நாள்தோறும் 3 மணி நேரத்துக்கு மேல் சமூக வலைத்தளங்களில் செலவிடும் இளையோர்க்கு மனச்சோர்வு, மனக்கலக்கம் முதலிய அறிகுறிகள் ஏற்படும் வாய்ப்பு இருமடங்காகக் காணப்படுகிறது என்பது அதில் எடுத்துக்காட்டப்பட்ட முடிவுகளுள் ஒன்று.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 2019-இல், ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமி ஓர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்னும் இருவர் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திரட்டப்பட்ட 3,55,358 இளையோரின் விவரங்களை ஆராய்ந்தனர். இளையோரிடையே மனநலத்தில் காணப்படும் வேற்றுமையில் 0.4 சதவீதத்துக்கு மேற்படாத பகுதியையே மின்னணுக் கருவிகளின் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த இயலும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இவ்விரண்டில் எது உண்மை? இரண்டும் உண்மையாக இருத்தல் கூடும். ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு வகுப்பில் 40 மாணவர் உள்ளனர் என்க. அவருள் 38 பேர் உறக்கத்தில் எக்குறையும் இல்லாதவர். எஞ்சிய இருவர் மட்டும் கைப்பேசியால் நாள்தோறும் மும்மூன்று மணி நேர உறக்கத்தை இழக்கின்றனர். மொத்த இழப்பு 6 மணி, அதாவது 360 நிமிடம். இதனை 40 பேருக்கும் பங்கிட்டால் சராசரி இழப்பு 9 நிமிடமே. "ஒன்பது நிமிடந்தானே" என்று பதிவேட்டை மூடிவிடலாம். ஆனால் அவ்விருவரும் பரீட்சையில் மட்டுமன்று, வாழ்க்கையிலும் தளர்ந்துகொண்டிருப்பர். சராசரி என்பது கூட்டத்தின் நிலையைக் கூறுமேயன்றித் தனியொருவரின் நிலையைக் கூறாது. ஆகவே, கைப்பேசி ஒரு தலைமுறையையே அழித்துவிட்டது என்பதும் தவறு. சராசரி விளைவு சிறிது, ஆகையால் கவலை வேண்டா என்பதும் தவறு.

அளவைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 2017-இல் இங்கிலாந்தில் 15 வயதுடைய 1,20,115 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வில், மிதமான பயன்பாடு தீங்கோடு தொடர்புடையதாகக் காணப்படவில்லை. மிகுந்த பயன்பாடே மனநலக் குறைவோடு சிறிதளவு தொடர்புடையதாகக் காணப்பட்டது. முற்றும் விலகி நிற்றலே நலம் என்னும் கருத்தை இம்முடிவு ஆதரிக்கவில்லை.

நம் பொருளுக்கு மிக முக்கியமானது பிரிட்டனில் 2022-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி. ஒரே இளையோரை ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்ததில், சமூக வலைத்தளப் பயன்பாடு மிகுந்த பின் வாழ்க்கை மனநிறைவு குறையும் வயதுகள் சில உண்டு எனத் தெரிந்தது. பெண்பிள்ளைகட்கு 11 முதல் 13 வரை. ஆண்பிள்ளைகட்கு 14, 15. இருபாலார்க்கும் மீண்டும் 19-ஆம் வயதை ஒட்டி. இதனோடு மற்றொன்றும் தெரிந்தது. மனநிறைவு குறைந்தவர்கள் அடுத்த ஆண்டில் சமூக வலைத்தளங்களை மிகுதியாக நாடினர். அதாவது, அம்பு இருபுறமும் பாய்கிறது.

நோயா? நோயின் அறிகுறியா?

மேற்கூறிய கடைசி முடிவில்தான் நம் வீடுகட்குரிய பாடம் அடங்கியுள்ளது. ஓர் உதாரணம் கொள்வோம். பதினைந்து வயது மாணவன் ஒருவன் இரவு ஒரு மணி வரை கைப்பேசியோடு இருக்கிறான். மதிப்பெண் குறைந்துவிட்டது; உணவில் விருப்பம் இல்லை; பந்தாட்டத்தை விட்டுவிட்டான்; கேட்டால் சீறி விழுகிறான். வீட்டார், "எல்லாம் இந்தக் கைப்பேசியால் வந்தது" என முடிவு செய்து அதனைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர்.

அவனுடைய துன்பத்துக்குக் கைப்பேசியே காரணமாயின் சில நாள் கொந்தளிப்புக்குப் பின் நிலைமை சீர்ப்படலாம். ஆனால் உண்மை வேறாகவும் இருக்கலாம். அவனுக்கு மனச்சோர்வு நோய் முன்னரே தொடங்கியிருக்கலாம். உறக்கம் வராமையால் கைப்பேசியை எடுத்தானேயன்றிக் கைப்பேசியால் உறக்கம் கெடவில்லை. பள்ளியில் எவனோ ஒருவன் அவனை நாள்தோறும் இழிவுபடுத்துகிறான். அதனை வீட்டில் சொல்ல நாணி, முகம் அறியாத நண்பன் ஒருவனிடம் சொல்லி ஆறுதல் பெறுகிறான். இந்நிலையில் கைப்பேசியைப் பிடுங்கியவர்கள் நோயைத் தீர்க்கவில்லை. நோயாளிக்கு எஞ்சியிருந்த ஒரே சன்னலை அடைத்துவிட்டார்கள். நோயோ, இன்னும் இருட்டில் வளர்கிறது. காய்ச்சலின் சூட்டைக் காட்டிய அளவுகோலை உடைத்துவிட்டுக் காய்ச்சல் நீங்கிற்று என எண்ணுவது போன்றதே இது.

இத்தகைய பிழைக்கு இடம் மிகுதி. 2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளோரில் 7.3 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு உடையவர் எனக் கணிக்கப்பட்டது. பாடத்துக்காகக் கைப்பேசி மாணவர் கைக்கு வருவதற்கு முற்பட்ட ஆண்டுகளின் கணக்கு இது.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ளோர்க்கு இங்கு ஒரு சொல் தொல்லை தருகிறது. 'அடிக்‌ஷன்' என்பதை நம் பத்திரிகைகள் 'அடிமை' என்று எழுதுகின்றன. 'கைப்பேசிக்கு அடிமையான மாணவன்' என்னும் தொடர் நாள்தோறும் காணப்படுகிறது. அடிமை என்பது ஒரு மனிதனின் நிலையைக் குறிக்கும் சொல். கோளாறு என்பதோ சிகிச்சைக்கு உரிய ஒன்றைக் குறிக்கும் சொல். முன்னதைக் கேட்ட பிள்ளை வெட்கி ஒளிகிறது. பின்னதைக் கேட்ட பிள்ளை உதவி தேடலாம். ஆதலின் சொல்லைத் தேர்வதிலும் நாம் கவனமாக இருத்தல் நலம்.

உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த பதினோராம் நோய் வகைப்பாடு 2019 மே மாதத்தில் ஏற்கப்பெற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் இடம்பெற்றிருப்பது மின்னணு விளையாட்டுக் கோளாறு என்பதாகும். அதற்கு மூன்று அடையாளங்கள் கூறப்படுகின்றன. விளையாட்டைத் தொடங்குவதிலும் நிறுத்துவதிலும் கட்டுப்பாடு இழத்தல் ஒன்று. மற்ற விருப்பங்களையும் அன்றாடக் கடமைகளையும் பின்தள்ளி அதற்கே முதலிடம் தருதல் இரண்டு. தீங்கு விளைந்த பின்னும் விடாது தொடர்தல் மூன்று. இவை வாழ்க்கையைக் கடுமையாகக் குலைப்பனவாய், பொதுவாகப் பன்னிரண்டு மாத காலமேனும் நீடித்தாலன்றி நோய் எனக் கொள்வதில்லை. இவ்வடையாளங்களுள் 'இத்தனை மணி நேரம்' என்னும் அளவு எங்கும் இல்லை என்பது நோக்கத்தக்கது. விடுமுறையில் ஒரு நாள் ஐந்து மணி நேரம் விளையாடியவன் நோயாளி அல்லன்.

உதவி கிடைக்கும் இடங்கள்

நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு 2014-இல் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் தொடங்கப்பெற்றது. தொழில்நுட்பத்தை நலமுறப் பயன்படுத்துவதற்கான அப்பிரிவு சுருக்கமாக 'ஷட்' எனப்படுகிறது. கருவியை ஒழித்தல் அன்று, அளவறிந்து பயன்படுத்தப் பழக்குதலே அதன் குறிக்கோள் என்பது பெயராலேயே விளங்கும்.

கேரளத்தில் காவல்துறையே இத்துறையில் முன்வந்தது. அதன் சமூகக் காவற் பிரிவு 2023-இல் 'டி-டாட்' என்னும் ஆலோசனை மையங்களைத் திருவனந்தபுரம், கொல்லம், கொச்சி, திருச்சூர், கோழிக்கோடு, கண்ணூர் ஆகிய ஆறு நகரங்களில் அமைத்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு உளவியல் வல்லுநர் வாயிலாக இங்கு ஆலோசனை வழங்கப்படுகிறது. காவல்துறை என்றதும் பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. இது குற்ற விசாரணை அன்று. பிள்ளையின் நிலையை அறிந்து, மனநோய்க்குரிய அறிகுறி இருப்பின் மருத்துவரிடம் அனுப்புவதும் இத்தகைய மையங்களின் பணியாகும்.

மைய அரசாங்கத்தின் 'டெலி-மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பெற்றது. 14416 என்னும் எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் மலையாளத்திலும் உரையாடலாம். உயிர் வாழ விருப்பமில்லை என்னும் பொருள்படப் பிள்ளை ஒரு சொல் சொன்னாலும் அதனை விளையாட்டாகவோ மிரட்டலாகவோ கொள்ளாமல், தனியே விடாமல், உடனே உதவி நாடுதல் வேண்டும்.

சட்டத்தின் எல்லை

பல நாடுகள் சட்டத்தின் துணையை நாடியுள்ளன. சீனா 2021-இல், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 மணி வரை இணைய விளையாட்டு ஆடலாம் என விதித்தது. ஆஸ்திரேலியா பதினாறு வயதுக்கு உட்பட்டோர் முக்கிய சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கும் சட்டத்தை 2024 நவம்பரில் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. இதில் பொறுப்பு பிள்ளைகள் மேலோ பெற்றோர் மேலோ சுமத்தப்படவில்லை. நிறுவனங்கள் மேல் சுமத்தப்பட்டது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் தரவுகளைப் பயன்படுத்தப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்றும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தல் ஆகாது என்றும் விதிக்கிறது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைந்துள்ளன.

சட்டம் கடையின் கதவை மூடலாம். கருவியின் அமைப்பைத் திருத்தச் செய்யலாம். ஆனால் பிள்ளை ஏன் அக்கடையை நாடிற்று என்னும் கேள்வியைச் சட்டம் கேட்பதில்லை. அதனைக் கேட்க வேண்டியவர்கள் வீட்டிலும் பள்ளியிலும் உள்ளவர்களே.

செய்யத்தக்கவை

மணிக்கணக்கைவிட, அம்மணிகள் எதனை இடம்பெயர்த்தன என்பதை நோக்குவதே முதற்கடமை. உறக்கம், உடல் உழைப்பு, நேருக்கு நேர் நட்பு, பாடம் ஆகிய நான்கும் தம் இடத்தில் இருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. ஒன்று குறைந்தாலும் அதனை மீட்க வழி தேட வேண்டும்.

இரவில் கைப்பேசி படுக்கையறையில் இராதபடி ஒரு பொதுவிடத்தில் வைக்கும் வழக்கம் மிகுந்த பயன் தரும். ஆனால் இவ்விதி வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். தந்தை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே மகனைக் கண்டித்தால் அச்சொல் செவியில் ஏறாது.

அறிவிப்பு மணிகளை அடக்கி வைத்தல், தானே அடுத்த படம் ஓடும் அமைப்பை நிறுத்தி வைத்தல் ஆகியவற்றைப் பிள்ளையோடு சேர்ந்து செய்யலாம். கருவி எவ்வாறு தன்னை இழுக்கிறது என்பதை ஸ்கின்னரின் புறா வாயிலாக விளக்கினால் குமரப் பருவத்தினர் நன்கு உணர்வர். தன்னை எவரோ ஏமாற்றுகின்றனர் என்னும் அறிவு அவர்களுடைய தன்மானத்தைத் தூண்டும்.

திடீர் மாறுதலைக் கவனித்தல் வேண்டும். முன்பு விரும்பிய விளையாட்டை விடுதல், நண்பரைத் தவிர்த்தல், உறக்கமும் உணவும் மாறுதல், காரணமற்ற கண்ணீர், கைப்பேசி ஒலித்ததும் முகம் வெளிறுதல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பின் கருவியைப் பிடுங்குமுன் பிள்ளையின் அருகில் அமர வேண்டும். "எவ்வளவு நேரம் பார்த்தாய்?" என்பது விசாரணை. "என்ன பார்த்தாய்? பார்த்தபின் மனம் எப்படி இருக்கிறது?" என்பது உரையாடல். முதற்கேள்விக்குப் பொய்யே விடையாக வரும். இரண்டாவதற்கு உண்மை வரக்கூடும்.

மீண்டும் கிழக்கேகோட்டைக்கு வருவோம். பேருந்து வந்து நிற்கிறது. தலை கவிழ்ந்திருந்த ஐவரும் ஏறிச் செல்கின்றனர். அவருள் நால்வர் வீடு சேர்ந்து, உண்டு, படித்து, உறங்குவர். ஐந்தாமவள் இழிசொற்களைச் சுமந்துகொண்டு செல்கிறாள். அவளிடமிருந்து கைப்பேசியை வாங்கி வைப்பது எளிது. அவள் சுமந்து வந்ததை வாங்கிக்கொள்வது அரிது. அவ்வரிய செயலைச் செய்யும் ஒருவரேனும் அவள் வீட்டில் விழித்திருத்தல் வேண்டும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் எனக் கொள்ளலாமா? கட்டுரையில் உள்ள உதாரணத்தைக் கொண்டு விளக்குக.

2. 40 மாணவர் உள்ள வகுப்பில் நால்வர் நாள்தோறும் இரண்டு மணி நேர உறக்கத்தை இழப்பின் வகுப்பின் சராசரி இழப்பு எவ்வளவு? அச்சராசரி எதனை மறைக்கிறது?

3. மேத்தன் மணியின் அழைப்புக்கும் கைப்பேசியின் அழைப்புக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?

4. ஒரு வாரம் உங்கள் கைப்பேசிப் பயன்பாட்டைக் குறித்து வருக. நேரத்தை மட்டுமன்று, ஒவ்வொரு முறையும் பின்னர் மனம் இருந்த நிலையையும் எழுதுக. எப்பயன்பாடு உங்களுக்கு நலம் தந்தது, எது தரவில்லை என்பதைக் கண்டு கூறுக.